சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸ்ஸான் ஆலை வந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில், வெளி மாவட்டங்களில் இருந்து வந்து வாடகை வீட்டில் பிள்ளைகளுடன் வாழும் நம் சகோதரர்கள் பலர். ஷிப்ட் வேலை, வெல்டிங் மற்றும் பெயிண்ட் ஷாப் வெப்பம், லைனை விட்டு நகர முடியாததால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது, சிறுநீரை அடக்குவது ஆகியவை இங்கே அன்றாடப் பழக்கம். சிறுநீரகக் கல் உருவாக இதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை.

கல்லை எடுக்கும் சிகிச்சை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வலி குறைந்ததும் சம்பளம் போகிறதே என்று ஷிப்டுக்கு ஓடுவது, உள்ளே வைத்த ஸ்டென்டை எடுக்கும் தேதியை மறப்பது, வீட்டுச் சுமை முழுவதையும் ஒருவர் தலையில் போடுவது ஆகிய மூன்றும்தான் குணமாக வேண்டியவரை மீண்டும் படுக்கையில் தள்ளுகின்றன. ஆகவே, மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய பிறகு ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

சிகிச்சை வகையும் ஓய்வு நாட்களும்

கல்லின் அளவு, இருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து மூன்று முறைகள் பரவலாகச் செய்யப்படுகின்றன.

1. லித்தோட்ரிப்ஸி: உடலுக்கு வெளியே இருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை நொறுக்குவது. வெட்டுக்காயம் இல்லை. பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பலாம். சில நாட்களில் வேலைக்கும் போகலாம். ஆனால் துகள்கள் வெளியேறச் சில வாரங்கள் ஆகும். அப்போது இடையிடையே வலி வரலாம்.

2. யுஆர்எஸ், ஆர்ஐஆர்எஸ்: சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தி லேசர் மூலம் கல்லை உடைப்பது. வெளியே தழும்பு இருக்காது. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். இலகுவான வேலைக்குச் சுமார் ஒரு வாரம் ஓய்வு தேவைப்படும்.

3. பிசிஎன்எல்: முதுகுப் பக்கம் சிறு துளையிட்டுப் பெரிய கல்லை எடுப்பது. சில நாட்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். இலகுவான வேலைக்கு இரண்டு வாரம், பாரம் தூக்கும் வேலைக்கு நான்கு வாரம் என்பது பொதுவான கணக்கு. இதில் ரத்தக் கசிவு சில நாட்கள் கழித்தும், அரிதாக இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரக்கூடும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பத்தாம் நாளே பாரம் தூக்குவது அதனால்தான் ஆபத்து.

இவை பொதுவான அளவுகள். உங்கள் உடல்நிலைக்கு உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எத்தனை கிலோ வரை தூக்கலாம்? எந்தத் தேதியில் இருந்து பைக் ஓட்டலாம்? எந்தத் தேதியில் இருந்து என்ன வேலை செய்யலாம்? "ரெஸ்ட் எடுங்க" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடமும் பேச முடியாது, வீட்டிலும் திட்டமிட முடியாது.

ஸ்டென்ட்: மறந்துவிடக் கூடாத தேதி

சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைச் சிறுநீரகத்திற்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வைப்பார்கள். வீக்கத்தாலும் கல் துகளாலும் பாதை அடைபடாமல் இருக்கவே இது. இது இருக்கும் வரை அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வு, எரிச்சல், சிறுநீர் கழிக்கும்போது விலாப்பக்கம் இழுக்கும் வலி, நடந்தால் அல்லது வேலை செய்தால் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவது ஆகியவை இருக்கலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் நிறம் தெளியும். தொந்தரவு அதிகமானால் அதைக் குறைக்க மாத்திரை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தக் குழாய் தானாகக் கரையாது. எடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு இது எந்தத் தொந்தரவும் தராது. அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஊருக்குப் போகிறார்கள், கம்பெனி மாறுகிறார்கள், தேதி போய்விடுகிறது. மாதக்கணக்கில் உள்ளே இருக்கும் ஸ்டென்ட்டின் மேல் கல் படியும், கிருமி சேரும், எளிதாக வெளியே எடுக்க வேண்டியதற்கு மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆண்டுக்கணக்கில் மறந்து, சிறுநீரகத்தையே இழந்தவர்களும் உண்டு.

ஆகவே ஸ்டென்ட் வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள். கணவன், மனைவி இருவர் போனிலும் நினைவூட்டல் வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துப் பீரோவில் போடும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. சிலருக்குத் தங்கள் உடலுக்குள் அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

தாமதிக்காமல் மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

- குளிர் நடுக்கத்துடன் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல்
- சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது
- ரத்தக் கட்டிகள் வருவது, அல்லது தண்ணீர் குடித்தும் தெளியாத அடர் சிவப்புச் சிறுநீர்
- மாத்திரைக்கு அடங்காத வலி, ஓயாத வாந்தி
- முதுகுத் துளையில் இருந்து தொடர்ந்து கசிவு, சீழ்

இவற்றில் காய்ச்சலை மிகக் கவனமாகப் பாருங்கள். சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏறினால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். இரவானாலும் 108-ஐ அழையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவர் எழுதித் தந்ததைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக்கை இடையில் நிறுத்தவும் கூடாது.

சம்பளம் போகுமே என்ற கவலைக்கு

ஓய்வெடுக்காமல் வேலைக்கு ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பணம்தான். வீட்டு வாடகை, பைக் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எதுவும் காத்திருக்காது. ஆனால் நமக்குச் சேர வேண்டிய உரிமையைத் தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. பே ஸ்லிப்பில் பாருங்கள். இதன் மூலம் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்திற்கும் மருத்துவம் கிடைக்கும். முதலில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இஎஸ்ஐ மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து சென்னை கே.கே. நகர் போன்ற இஎஸ்ஐ மருத்துவமனைகளுக்கோ, ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள்.

பலர் அறியாதது நோய்க்காலத் தொகை. ஆறு மாத சந்தா காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஓராண்டில் 91 நாட்கள் வரை பெறலாம். பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குத் தொகை இல்லை. எடுத்துக்காட்டாக, சராசரி நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால், ஒரு நாளுக்கு 420 ரூபாய். 16 நாள் ஓய்வில் இரண்டு நாள் கழித்து 14 நாளுக்கு 5,880 ரூபாய் வரும். முழுச் சம்பளம் இல்லைதான், வாடகைக்காவது உதவும்.

இதற்கு இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழ் தேவை. வெளி மருத்துவமனையில் அவசரமாகச் சேர்ந்திருந்தாலும், குடும்பத்தில் ஒருவர் விரைவில் மருந்தகத்திற்குச் சென்று தகவல் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டு, பில்கள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இந்தத் தொகை பெறும் காலத்தில் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்றும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ கிடையாது. இவர்களும், இஎஸ்ஐ இல்லாத சிறு வியாபாரிகள், ஓட்டுநர்கள் போன்றோரும் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பெறலாம். கட்டணமில்லா எண் 1800 425 3993. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை எந்த மருத்துவமனையில் இத்திட்டத்தில் செய்யப்படுகிறது என்பதை, சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இவை போதாத நிலையில் கந்துவட்டிக்கும் வாரத் தவணைக் கடனுக்கும் போய்விடக் கூடாது. வட்டி மார்க்கத்தில் ஹராம். நோயில் இருந்து மீண்ட பிறகும் விடாத துன்பமும் அதுதான். மஹல்லாவின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்பதில் வெட்கம் இல்லை. தகுதி உள்ளவருக்கு ஜகாத்தும் உரிமை. ஊரில் இருந்து வந்து ஒதுக்குப்புறமாகக் குடியிருக்கும் குடும்பங்களை ஜமாஅத் நிர்வாகிகளுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஜுமுஆவுக்குச் செல்லும் பள்ளியில் பெயரும் போன் எண்ணும் கொடுத்து வைப்பதை, நலமாக இருக்கும்போதே செய்துவிடுவோம்.

வீட்டில் யார் என்ன செய்வது?

கணவர் படுத்தால் மனைவி எப்படியோ சமாளிப்பார் என்று எண்ணுகிறோம். மனைவி படுத்தால் மூன்றாம் நாளே அடுப்படிக்குள் அனுப்பிவிடுகிறோம். இரண்டும் சரியல்ல. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுபவர்களாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. இது நமக்குத் தெரிந்த ஹதீஸ்தான். நோய்க்காலத்தில்தான் அதைச் செயல்படுத்திக் காட்ட வேண்டியிருக்கிறது.

சிகிச்சை பெற்றவர் தாயாக இருந்தால், தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஊறிய துணி பக்கெட், இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஆகிய நான்கையும் தூக்கக் கூடாத பாரமாக எழுதி வையுங்கள். குழந்தையை எடுக்காமல் இருப்பதுதான் தாய்க்குக் கடினம். அவர் உட்கார்ந்துகொண்டு, குழந்தை தானாக ஏறி மடியில் அமரட்டும். அல்லது வேறொருவர் தூக்கிக் கொடுக்கட்டும். "உம்மாவுக்கு இடுப்புல காயம், ஆறுனதும் தூக்குவாங்க" என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள். பாலூட்டும் தாய் எந்த மருந்துக்கும் முன் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தாம்பத்திய உறவை எப்போது தொடரலாம் என்பதையும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டென்ட் இருக்கும்போது, குறிப்பாக நூல் வெளியே விடப்பட்டிருந்தால், கவனம் தேவை.

உறவினர் யாராவது ஊரில் இருந்து வர முடிந்தால், முதல் வாரத்தை விட இரண்டாம் வாரத்தில் வரச் சொல்வது சில குடும்பங்களுக்கு உதவும். முதல் வாரத்தில் கணவர் விடுப்பில் இருப்பார். அவர் ஷிப்டுக்குத் திரும்பும்போதுதான் வீடு தனியாகும். இரவு ஷிப்டாக இருந்தால், சில வாரங்களுக்குப் பகல் ஷிப்ட் தரும்படி மருத்துவச் சீட்டுடன் கேட்டுப் பார்க்கலாம்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. அதையும் பயனுள்ளதாகச் செய்வோம். பிரியாணிப் பார்சலோடு கூட்டமாக வந்து இரண்டு மணி நேரம் அமர்வதை விட, பத்து நிமிடம் இருந்து துஆ செய்துவிட்டு, "நாளைக்குப் பிள்ளைகளை நான் மதரஸாவில் விடுறேன்" என்று சொல்பவரே அந்தக் குடும்பத்தின் சுமையைக் குறைக்கிறார்.

தொழுகையும் நோன்பும்

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தபோது, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். முதுகில் துளையிட்டவர் குனிவதில் வலி இருந்தால் உட்கார்ந்து சைகையால் தொழலாம். ஜுமுஆவுக்குச் செல்ல முடியாத நோயாளி வீட்டில் ளுஹர் தொழுதால் போதும்.

சிறுநீர் ரத்த நிறத்தில் வருவதற்காகக் குளிப்பு கடமையாகாது. சுத்தம் செய்து உளூ செய்தால் போதும். கத்தீட்டர் இருந்தாலோ சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலோ தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும், ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் நேரம் வந்த பிறகு உளூ செய்து தொழலாம். காயத்தில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், கட்டின் மேல் மஸஹ், தயம்மும் போன்ற சலுகைகள் உள்ளன. அவரவர் நிலையை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ரமலானில் இந்த நிலை வந்தால், நோயாளி நோன்பை வேறு நாட்களில் நோற்க அல்குர்ஆன் (2:185) அனுமதிக்கிறது. தண்ணீர் குடிப்பதே மருந்தாக இருக்கும் வாரங்களில் அந்தச் சலுகையை ஏற்பது பலவீனமான ஈமானின் அடையாளம் ஆகாது. குணமான பிறகு கழா செய்யலாம். கல் உருவாகும் உடல்வாகு உள்ளவர் மருத்துவர் அனுமதியுடன் நோன்பு வைத்தால், இஃப்தார் முதல் ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும்.

மீண்டும் வராமல் இருக்க

ஒருமுறை கல் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மீண்டும் வரலாம் என்பது மருத்துவ உலகின் பொதுவான கணிப்பு. எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கல்லின் வகை தெரிந்தால்தான் உணவுக் கட்டுப்பாட்டுக்கு அர்த்தம் உண்டு.

தண்ணீர்: ஒரு நாளில் 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும். அதற்குச் சுமார் 3 லிட்டராவது குடிக்க வேண்டும். வெப்பமான பகுதியில் வேலை செய்பவருக்கு இன்னும் கூடுதல். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். ஷிப்டுக்கு முன் இரண்டு டம்ளர், ஒவ்வொரு இடைவேளையிலும் இரண்டு டம்ளர், வீடு திரும்பியதும் இரண்டு டம்ளர், படுக்கும் முன் ஒன்று எனப் பழகுங்கள். லைனில் பாட்டில் வைக்க அனுமதி இல்லாவிட்டால் மருத்துவச் சீட்டைக் காட்டி இடைவேளை கேளுங்கள். தொழிற்சாலையில் குடிநீரும் கழிப்பறையும் ஏற்பாடு செய்வது முதலாளியின் சட்டக் கடமை. கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரைத் தவிர்க்கும் சகோதரிகள் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். போர் தண்ணீரால்தான் கல் வருகிறது என்று பயந்து தண்ணீரையே குறைப்பதுதான் பெரிய கேடு.

உப்பு: ஊறுகாய், கருவாடு, அப்பளம், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ் ஆகியவற்றைக் குறையுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும்.

இறைச்சி: வேண்டவே வேண்டாம் என்பதில்லை, தினமும் வேண்டாம். யூரிக் அமிலக் கல் என்றால் ஈரல், குடல், நெத்திலி, மத்தி போன்றவற்றில் கூடுதல் கவனம் தேவை.

பால், தயிர்: நிறுத்த வேண்டாம். உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். பசலைக்கீரை, பீட்ரூட், முந்திரி, பாதாம் ஆகியவற்றில் ஆக்சலேட் அதிகம். கால்சியம் ஆக்சலேட் கல் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும். எலுமிச்சைச் சாறு நல்லது. அதில் உப்பும் சர்க்கரையும் அள்ளிப் போட வேண்டாம்.

வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் இருக்கிறதே என்று ஸ்கேனையோ ஸ்டென்ட் தேதியையோ தள்ளிப்போடக் கூடாது. "பீர் குடித்தால் கல் கரையும்" என்று கேண்டீனில் சொல்வார்கள். அது ஹராம் என்பதோடு, மருத்துவ ரீதியாகவும் தவறு. மது உடலின் நீரை வற்றச் செய்யும். யூரிக் அமிலத்தையும் கூட்டும்.

பெற்றோருக்குக் கல் இருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல். பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் மாலையில் காலியாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

மருத்துவம் நம் மரபு

நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணானதல்ல. சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீர்ப்பைக் கல்லுக்கும் என்றே தனி நூல் எழுதினார் அர்-ராஸி. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த அஸ்-ஸஹ்ராவி, தமது "அத்தஸ்ரீஃப்" நூலில் சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கும் அறுவை முறையையும் அதற்கான கருவிகளையும் விளக்கினார். அன்று உயிரைப் பணயம் வைத்துச் செய்த சிகிச்சை இன்று ஓரிரு நாளில் வீடு திரும்பும் அளவுக்கு எளிதாகியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்த நிஃமத்தை வீணாக்காமல், ஓய்வு நாட்களைக் கடைப்பிடித்து, ஸ்டென்டை உரிய நாளில் எடுத்து, தண்ணீர்ப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது நம் பொறுப்பு.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனிக்கும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் வழங்குவானாக. ஆமீன்.